ஆடி பிறப்பதற்குள் ஒரு சிரிப்பு

ஜூன் 3, செவ்வாய்

கிளினிக்கிற்குப் புது ஸ்கேனர் வந்து இறங்கிவிட்டது. சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். பார்க்கக் கொஞ்சம் தடித்த டூத்பிரஷ் மாதிரிதான் இருக்கிறது. வாய்க்குள் விட்டு மெதுவாக நகர்த்தினால் திரையில் பல் அப்படியே எழும்பி வருகிறது. இனிமேல் மாவை வாயில் அப்பி அச்சு எடுக்க வேண்டாமாம். திரையிலேயே பழைய பல்லைக் கழற்றிவிட்டுப் புதுசை வைத்து, முகத்தோடு சேர்த்துக் காட்டலாமாம். புடவைக்கடையில் புடவை எடுப்பதுபோல வருகிறவர்கள் தங்கள் சிரிப்பைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆடி பிறப்பதற்குள் மாடியில் புதுப் பிரிவைத் திறந்தே ஆக வேண்டும் என்று இவர் நிற்கிறார். திறப்பு விழாவில் காட்ட ஒரு கேஸ் வேண்டும். யாரை வைத்துச் செய்வது என்று பேச்சு வந்தது. இவர் என் பக்கம் திரும்பினார்.

"தேனு வாயைவிட மோசமான வாய் எனக்குத் திருச்சியில எங்க கிடைக்கப்போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு இடப்பக்கக் கோரைப்பல் மற்ற பல்லுக்கு மேலே ஏறி நிற்கும். முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும். சொத்தை மட்டும் ஒன்றுகூட இல்லை.

எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன். டிகாஷன் நன்றாக இறங்கியிருந்தது.

ஜூன் 5, வியாழன்

ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்தது ஷெரின். சென்னையில் படித்துவிட்டு இவரிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் சின்ன டாக்டர். கம்ப்யூட்டர் வேலை எல்லாம் அவள் பொறுப்பு. கை மெத்தென்று இருக்கிறது.

திரையில் முகமே இல்லாமல் என் பல் மட்டும் தனியாகச் சுழன்றது. பிறகு போட்டோ. உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டினார்கள். எச்சில் வழிந்து புடவையில் விழுந்தது. இவர் வந்து பார்த்தார்.

"பவுடரைத் துடைச்சிடு. பொட்டையும் எடுத்துடு. தலையைக் கொஞ்சம் கலைச்சு விடு. லைட்டைக் கீழேருந்து அடி ஷெரின்."

சிகிச்சைக்கு முந்தைய படம் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் அல்லவா.

அடுத்தது வீடியோ. இயல்பாகச் சிரிக்கச் சொன்னார்கள். எனக்கு வரவில்லை. ஷெரின் ஏதோ வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தாள்.

"அவளுக்குச் சிரிக்கல்லாம் தெரியாது. 'ஈ'ன்னு சொல்லச் சொல்லு, போதும்" என்றார் இவர்.

'ஈ' என்றேன். போதுமாக இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

மாவு அரைத்தேன். தண்ணீர் லாரி வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

இன்று டிசைன். முகத்தின் நடுவே ஒரு கோடு, கண்ணுக்குக் கண் ஒரு கோடு, உதட்டுக்கு ஒரு வளைவு. அதற்குள் பல்லைப் பொருத்துகிறார்கள். நீளமாக்கலாம், குட்டையாக்கலாம், வெள்ளையைக் கூட்டலாம். ஷெரின் என்னையும் கேட்டாள்.

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு மேடம்?"

"இந்தக் கோரைப்பல் கொஞ்சம் தெரியற மாதிரி விட்டுட்டா…" என்று ஆரம்பித்தேன்.

"டிசைன் பண்றது யாரு?" என்றார் இவர். அதுவும் சரிதான்.

பல் முடிந்த பிறகு கன்னத்தைக் குறைக்கச் சொன்னார். மூக்கைக் கொஞ்சம் கூர்மையாக்கச் சொன்னார்.

"சார், அதெல்லாம் நம்ம ட்ரீட்மென்ட்ல வராதே" என்றாள் ஷெரின்.

"படத்துக்குத்தானே."

கடைசியில் திரையில் ஒரு பெண் வந்தாள். என் புடவைதான், என் தோடுதான். இவர் நாற்காலியில் சாய்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரையிடம், "இவ்வளவு நாள் எங்கடி இருந்தே?" என்று கேட்டார்.

ஷெரின் தலையைக் குனிந்துகொண்டாள். இவர் தமாஷாகப் பேசுவது அவளுக்கு இன்னும் பழகவில்லை.

ஜூன் 12, வியாழன்

அந்தப் படத்தைப் போனில் வைத்திருக்கிறார். போனைத் திறந்தாலே அவள்தான். சாப்பிடும்போது போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொள்கிறார். இவருடைய சித்தி போனில் பேசினபோது அவருக்கும் அனுப்பினார். "பொண்ணு யாருடா மதி?" என்று சித்தி கேட்டது எனக்கும் கேட்டது. இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "நமக்குன்னு ஒண்ணு பொறந்திருந்தா இந்தப் பல்லோடதான் பொறந்திருக்கும். தப்பிச்சோம்."

சாம்பாரில் உப்புக் குறைவு என்றும் சொன்னார். உண்மையிலேயே குறைவுதான்.

ஜூன் 15, ஞாயிறு

புதுப் பல் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு ஒத்திகை உண்டாம். டிசைனை மெஷினில் அச்சடித்து, அதிலிருந்து ஓர் உறை செய்து, பல் நிறத்தில் ஒரு பசையை ஊற்றி என் பல்லின்மேல் அழுத்தினாள் ஷெரின். உறையை எடுத்ததும் அந்தச் சிரிப்பு என் வாயில் இருந்தது. பசை இன்று ஒரு நாளைக்குத்தான்.

மாலையில் ஒரு டாக்டர் வீட்டு வரவேற்புக்குக் கூட்டிப் போனார். மண்டபப் படியேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். எதையும் கடிக்கக் கூடாது என்பதால் நான் சாப்பிடவில்லை. 'ச' சொன்னால் காற்று போயிற்று. அதனால் பேசவும் வேண்டாம் என்றார். நின்றேன். பலரும் வந்து பார்த்தார்கள். ஒரு பெண்மணி என் தாடையைப் பிடித்துத் திருப்பியே பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் இவரே கருவியால் பசையை நெம்பி எடுத்தார். துண்டு துண்டாகத் தட்டில் விழுந்தது. எல்லாம் போன பிறகு என் வாயை ஒரு தடவை பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு பக்கத்து அறையில் போய்ப் படுத்தார். நாள் முழுக்க அலைச்சல்.

ஜூன் 18, புதன்

இவர் இல்லாத நேரத்தில் ஷெரின் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினாள்.

"மேடம், கிளிப் போட்டுப் பல்லை வரிசைக்குக் கொண்டுவந்துடலாம். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். ஆனா பல்லை ராவிச் சின்னதாக்க வேண்டாம். அந்தக் கோரைப்பல் ரொம்ப வெளியில நிக்குது. ராவித்தான் உள்ள கொண்டுவரணும்னா நரம்பு வரைக்கும் போயிடும். நான் சார்கிட்டச் சொல்லிட்டேன். நீங்களும் ஒரு தடவை சொல்லிப் பாருங்க."

சாயங்காலம் இவரிடம் கேட்டேன்.

"உன் கிளிப்புக்காக ஆடி காத்துக்கிட்டிருக்குமா? அவ சின்னப் பொண்ணு, உளர்றா. உனக்கு எங்க போச்சு புத்தி? கிளினிக் ரிசப்ஷன் சீட்லேருந்து உன்னை எழுப்பினப்பவே இதைப் பண்ணித் தொலைச்சிருக்கணும்."

நான் ரிசப்ஷனுக்குப் போவதை நிறுத்தியது மூட்டுவலியால்தான். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

மேல் வரிசை முழுவதையும் ராவி முடித்தார். ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. சத்தமும் ஒரு கருகல் நாற்றமும்தான். இவர் வேலை செய்யும்போது மெல்ல ஏதோ முணுமுணுத்துப் பாடுவார். இன்றும் பாடினார். கை சுத்தமான கை. ஊரே சொல்லும்.

நடுவில் கண்ணாடி கேட்டேன். "பாக்காதே" என்றார். ஆனால் அவர் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியில் தெரிந்தது. மஞ்சளாக, சின்னச் சின்னக் குச்சிகள்.

ஜூன் 21, சனி

வலி ஒன்றும் இல்லை. காபி மட்டும் குடிக்க முடியவில்லை.

ஜூலை 2, புதன்

ராவின பல்லின்மேல் ஒட்டப்போகிற பீங்கான் ஓடு பெங்களூரில் தயாராகிறது. அதுவரை தற்காலிகமாக ஏதோ ஒட்டியிருக்கிறார்கள். ரசம் சாதத்தை ஆறவைத்துச் சாப்பிடுகிறேன். மூச்சை வாயால் இழுத்தால் கூசுகிறது. மூக்கால் இழுத்தால் போயிற்று.

ஜூலை 9, புதன்

ஓடு ஒட்டியாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. குறை சொல்ல முடியாது.

இவர் போனை என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"பல்லு அப்படியே வந்திருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மூக்குதான்" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

கோரைப்பல்லுக்குள் யாரோ தட்டிக்கொண்டே இருப்பதுபோல இருக்கிறது. இவரிடம் சொன்னேன்.

"நரம்பு கோவிச்சுக்கிட்டிருக்கு. ரூட் கெனால் பண்ணணும். பண்ணணும்னா அந்த ஓட்டுல துளை போடணும். ஞாயித்துக்கிழமை மேடையில துளையோட நிப்பியா?"

மாத்திரை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன புடவை கட்டுவது என்று அவரே பீரோவைத் திறந்து எடுத்து வைத்தார். மயில்கழுத்து நிறம்.

ஜூலை 13, ஞாயிறு

விழா நன்றாக நடந்தது. மண்டபம் நிறைந்த கூட்டம். புதுக்கோட்டையிலிருந்து என் தங்கை கயல் வந்திருந்தாள். முன்வரிசையில் உட்கார வைத்தேன்.

இவர் நன்றாகப் பேசினார். ஸ்கேனர், டிசைன், ஒத்திகை எல்லாவற்றையும் திரையில் வரிசையாகக் காட்டினார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு என் பழைய படத்தைப் போட்டார். சுவர் உயரத்துக்கு என் வாய். வளையம் இழுத்துப் பிடித்த உதடு, ஈறு, எச்சில். பின்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

"இருபது வருஷமா இந்த வாயோட குடும்பம் நடத்தியிருக்கேன். கவர்மென்ட் எனக்கு ஒரு விருது குடுக்கலாம்" என்றார் இவர்.

மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, படத்தை மாற்றி, அந்தப் பெண்ணைப் போட்டார். கைதட்டல். பிறகு என்னை மேடைக்கு அழைத்தார். படியேறும்போதே வலி கண்ணுக்குள் ஏறிவிட்டது. மாத்திரை போட்டும் கேட்கவில்லை.

"சிரி" என்றார் காதோரமாக.

சிரித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. நிகழ்ச்சியை நடத்திய பெண் மைக்கில், "இதுதாங்க ஆனந்தக் கண்ணீர்!" என்றாள். மறுபடியும் கைதட்டினார்கள். கயல் தட்டவில்லை.

அவள் மேடைக்குப் பின்னால் வந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, உனக்கு வலிக்குதுதானே?"

"இல்லையே."

"மாமா உன்னைப் பத்தி அப்படிப் பேசறாரு, நீ நின்னுக்கிட்டிருக்கே."

"மெதுவா பேசு. டாக்டருங்கள்லாம் இருக்காங்க."

"நீ அழுதது எதுக்குக்கா?"

அவளுக்கு எப்போதும் இப்படித்தான், இடம் பொருள் தெரியாது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சாப்பிடாமலே போனாள்.

ஜூலை 15, செவ்வாய்

துளை போடுவது பற்றிக் கேட்டேன். விளம்பரக்காரர்கள் வீடியோ எடுக்க வருகிறார்களாம். முடியட்டும் என்றார்.

ஜூலை 28, திங்கள்

பாலத்துக்குப் பக்கத்தில் பெரிய விளம்பரப் பலகை வைத்துவிட்டார்கள். இடப்பக்கம் பழைய நான், வலப்பக்கம் அவள். பழையதுதான் பெரிதாக இருக்கிறது. பயந்தால்தான் ஜனங்கள் வருவார்கள் என்று விளம்பரக்காரர் சொன்னாராம்.

பூக்காரம்மாவிடம் பூ வாங்கப் போனேன். அவர் பலகையைக் கைகாட்டி, "இந்தப் பக்கம் இருக்கறது நீங்கதானேம்மா? அந்தப் பக்கம் யாரு?" என்று கேட்டார்.

பூ இன்று விலை அதிகம். வாங்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இடக் கன்னம் வீங்கிக் கண் சிறுத்துவிட்டது. இவர் பார்த்துவிட்டு வேறு மாத்திரை எழுதினார்.

"இப்பவாவது துளை போட்டுடுங்களேன்" என்றேன்.

"சென்னை மாநாட்டுல உன் கேஸைத்தான் பேசப்போறேன். வந்த பிறகு பாத்துக்கலாம். அதுவரைக்கும் இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வெளிய தலைகாட்டாதே. ஊரெல்லாம் பலகை வெச்சிருக்கேன்."

என் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறதியாக இருக்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தெருவே காவிரிக்குப் போய்விட்டது. எனக்குக் காய்ச்சல். தேங்காய் சாதம் செய்ய எழுந்தேன். தேங்காய் உடைத்ததோடு சரி. குனிந்தால் தலைக்குள் இடிக்கிறது. இவர் சென்னைக்குக் கிளம்பும் முன் அறை வாசலில் நின்று, "படத்துக்கு மாலை போட்ட மாதிரி மூஞ்சியை வெச்சுக்காதே" என்றார்.

வாயில் ஏதோ கசப்பாக ஊறுகிறது. துப்பினால் சீழ்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். கயல் வாசலில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டாள்.

பேக்கரிக்கு மாடியில் ஒரு வயதான டாக்டர் அம்மா. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"வேர்ல விரிசல் விட்டிருக்கு. சீழ் எலும்பு வரைக்கும் போயிருக்கு. இனி இந்தப் பல்லைக் காப்பாத்த முடியாதும்மா. இவ்வளவு நாள் ஏன் வரலை?"

"வேலை இருந்தது."

"இத்தனை பல்லையும் ராவியிருக்காங்களே, இதுல என்ன கோளாறு இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லைங்க."

"ஒண்ணும் இல்லாத பல்லை எவன் ராவினான்?"

கயல் என்னைப் பார்த்தாள். "வெளியூர்ல ஒரு டாக்டர்" என்றேன்.

பல்லை எடுக்கும்போது பக்கத்துப் பல்லின் ஓடும் கழன்று வந்துவிட்டது. சீழ் வடிந்ததும் தலை லேசாயிற்று. டாக்டர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன். எனக்கு நினைவில்லை, கயல்தான் சொன்னாள். அங்கேயே தங்கச் சொன்னாள். இவர் நாளை மறுநாள் வருகிறார், வீடு பூட்டிக் கிடந்தால் நன்றாக இருக்காது என்று கிளம்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இவர் வந்தார். வாயைத் திறக்கச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"தாங்க முடியலைங்க."

"அது என் கேஸ்டி. நேத்துதான் சென்னையில எழுந்து நின்னு கைதட்டினாங்க. யாரைக் கேட்டு எடுத்தே?"

"அது என் பல்லுங்க" என்றேன். வாய்தவறி வந்துவிட்டது.

இவர் போனைத் திறந்து அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு நாளைக்கு மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும், பின்படி வழியாக வா, யார் கண்ணிலும் படாதே என்றார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பின்படியின் கதவு பூட்டியிருந்தது. அதனால் முன்பக்கமாகப் போனேன். ஹாலில் உட்கார்ந்தேன். எனக்கு எதிரே ஒரு பெண்ணும் அவள் அம்மாவும். துறையூர்க்காரர்கள். பெண்ணின் பெயர் வர்ஷினி. ஆவணியில் கல்யாணம். சின்னதாக ஒரு தெற்றுப்பல், சிரித்தால் எட்டிப்பார்க்கிறது. மாப்பிள்ளை வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையாம். அம்மாவுக்குத்தான் பலகையைப் பார்த்ததிலிருந்து ஆசை. ஷெரின் டிசைனைத் திரையில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நான் "எப்போ கல்யாணம்?" என்று கேட்க வாயைத் திறந்தேன். அந்தப் பெண் என் வாயைப் பார்த்துவிட்டாள்.

"டாக்டர், எனக்கும் இப்படி ஆயிடாதே?" என்று கேட்டாள். இவர் அப்போதுதான் அறையிலிருந்து வெளியே வந்தார்.

என்னைப் பார்த்தார். முகம் மாறவே இல்லை. "இவங்க வெளியூர்ல யார்கிட்டயோ பண்ணிக்கிட்டு வந்திருக்காங்கம்மா. அதை நாம சரி பண்ணப்போறோம்" என்றார்.

"நான் இவரோட சம்சாரம்" என்றேன்.

அந்த அம்மா சுவரைப் பார்த்தார். சுவரில் அவள் இருந்தாள், கூர் மூக்கும் ஒட்டிய கன்னமுமாக. "டாக்டரோட சம்சாரம் அவங்கல்ல?" என்றார்.

"ஷெரின், இவங்களுக்கு மனசு கொஞ்சம் சரியில்லை. உள்ள கூட்டிட்டுப் போ" என்றார் இவர்.

ஷெரின் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வந்து என் முழங்கையைப் பிடித்தாள். கை அன்றைக்குப்போலவே மெத்தென்று இருந்தது.

நான் அந்தப் பெண்ணின் கையை இழுத்து, அவள் விரலை என் வாய்க்குள் வைத்தேன். பள்ளத்தில் வைத்தேன். பிறகு பக்கத்துக் குச்சியில் வைத்தேன்.

"இது என்ன ஆன்ட்டி?" என்றாள்.

"என் பல்லு. உன் பல்லு மாதிரி நல்லா இருந்துச்சு."

விரலை உருவிக்கொண்டு படியில் இறங்கி ஓடினாள். "பயந்தாங்கொள்ளி!" என்று கத்திக்கொண்டே அவள் அம்மாவும் பின்னால் போனார்.

ஷெரின் என்னை உள்ளறையில் விட்டாள். இவர் வந்தார். ஷெரின் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

வீங்கியிருந்த கன்னத்திலேயே அடித்தார். தெரிந்துதான் அடித்தார். மறதி இல்லை, அலைச்சல் இல்லை, தமாஷ் இல்லை.

வீட்டுக்குப் போகவில்லை. கிளினிக் வாசலிலிருந்தே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. புதுக்கோட்டை

கயல் குழைய வடித்த சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்து கொடுத்தாள். அவள் வீட்டுக்காரர் எனக்கென்று ஒரு பாயும் தலையணையும் மாடி அறையில் போட்டு வைத்திருக்கிறார்.

இவர் போன் செய்தார். "புதன்கிழமை போட்டோகிராபர் வர்றான், வந்து சேரு" என்றார். வர மாட்டேன் என்றேன். பைத்தியம் என்றார். வைத்துவிட்டேன்.

மத்தியானம் ஷெரின் கூப்பிட்டாள்.

"மேடம், அந்தத் துறையூர்ப் பொண்ணை அவங்க அம்மா நேத்துத் திரும்பக் கூட்டிட்டு வந்துட்டாங்க."

"ராவியாச்சா?"

"மேல் வரிசை முடிஞ்சுது. சார் ரொம்ப வேகமாப் பண்ணினாரு. அந்தப் பொண்ணு முழுக்க அழுதுக்கிட்டே இருந்துச்சு."

"பக்கத்துல யார் இருந்தா?"

"நான்தான் மேடம்."

வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு கேட்டேன். "கீழ் வரிசை எப்போ?"

"செவ்வாய்க்கிழமை காலையில."

"அவங்க வீடு துறையூர்ல எங்க?"

நானும் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. கடைசியில் மெல்ல, கிட்டத்தட்டக் காற்றுப்போல, தெருப் பெயரைச் சொன்னாள்.

எக்ஸ்ரேயையும் டாக்டர் அம்மாவின் சீட்டையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன். டாக்டர் அம்மாவே கூட வருகிறேன் என்று கயலிடம் சொன்னாராம். நாளைக்குத் துறையூருக்கு முதல் பஸ் எப்போது என்று கயலின் வீட்டுக்காரர் விசாரிக்கப் போயிருக்கிறார்.